மண்ணடிக் கடைக் கணக்கில் மூன்று டேட்டாபேஸ்கள்: எண்களை வரிசைப்படுத்தும் விதம் குறித்து ஒரு மதிப்புரை

வடசென்னையின் மொத்த வியாபாரக் கடைகளுக்குச் சரக்கு இருப்பும் பில்லும் பார்க்கும் மென்பொருளை எழுதிப் பராமரிப்பது என் தொழில். மண்ணடியில் இரும்புக் கடைகள், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைகள், காசிமேட்டில் மீனும் இறாலும் வாங்கி வெளியூருக்கு அனுப்புவோர் எனப் பலதரப்பட்டவர்களின் கணினிகளில் மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ் ஆகிய மூன்று டேட்டாபேஸ்களையும் நிறுவிப் பயன்படுத்திய அனுபவத்தில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இம்மூன்றின் வேகத்தையும் பாதுகாப்பையும் ஒப்பிடும் கட்டுரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் கடை முதலாளி அன்றாடம் கண்ணால் பார்ப்பது திரையிலும் காகிதத்திலும் வரும் பட்டியலைத்தான். அந்தப் பட்டியலில் எண்கள் சரியான வரிசையில் வரவேண்டும் என்றால் அட்டவணையை உருவாக்கும் அன்றே ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தகுந்த தரவு வகையைத் தேர்ந்திருக்க வேண்டும். அந்தத் தேர்வில் எந்த டேட்டாபேஸ் நமக்குத் துணை நிற்கிறது, எது கண்டும் காணாமல் விட்டுவிடுகிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளில் பில் போடும் கடைக்கு நான் போஸ்ட்கிரெஸ்ஸையே பரிந்துரைப்பேன். எண் வரவேண்டிய இடத்தில் எண் அல்லாத எதையும் அது ஏற்க மறுக்கிறது என்பதே அதன் தலையாய காரணம்.

மண்ணடி இரும்புக் கடை ஒன்றில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனம் எழுதிக் கொடுத்த பழைய மென்பொருள் இருந்தது. அதில் முறுக்குக் கம்பியின் அளவைப் பதியும் நெடுவரிசை வார்கேர் வகையில், அதாவது வெறும் எழுத்துச் சரமாக, அமைக்கப்பட்டிருந்தது. கம்பிகள் 8, 10, 12, 16, 20, 25, 32 என்ற மில்லிமீட்டர் அளவுகளில் வருபவை. ஆனால் குடோனுக்குப் போகும் இருப்புப் பட்டியலில் 10, 12, 16, 20, 25, 32, 8 என்று அச்சாகும். வீடு கட்டுவோர் அதிகம் கேட்கும் 8 எம்.எம். கம்பி பட்டியலின் கடைசியில், பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் போய் விழும். "தம்பி, எட்டு எம்.எம். ஸ்டாக் இல்லைன்னு பையன் சொல்றான், நான் காலையிலதான் லோடு இறக்கினேன்" என்று கடைக்காரர் பாய் என்னிடம் சொன்னபோது, பட்டியலின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பதில் சொன்ன குடோன் பையன் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த மனிதரும் எட்டைப் பத்துக்கு முன்னால்தான் தேடுவார்.

இப்படி நேர்வதற்கான காரணம் எளிது. எழுத்துச் சரமாகச் சேமிக்கப்பட்ட எண்ணை டேட்டாபேஸ் அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல் முதல் எழுத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுகிறது. '1' என்ற எழுத்தின் குறியீட்டு எண் 49, '8' என்ற எழுத்தின் குறியீட்டு எண் 56. ஆகவே 10-இன் முதல் எழுத்தைப் பார்த்தவுடனேயே அது 8-க்கு முன்னால் வரவேண்டும் என்று முடிவாகிவிடுகிறது, அடுத்த எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை. இதில் டேட்டாபேஸின் தவறு ஒன்றுமில்லை. நாம் எழுத்து என்று சொன்னதை அது எழுத்தாகவே நடத்துகிறது. மூன்று டேட்டாபேஸ்களும் இந்த விஷயத்தில் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. வேறுபாடு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் மைஎஸ்கியூஎல். 1995 முதல் புழக்கத்தில் இருப்பதாலும், குறைந்த கட்டண இணைய ஹோஸ்டிங் சேவைகள் பெரும்பாலும் இதையே தருவதாலும், நம் ஊர்க் கடைகளில் நான் அதிகம் சந்திப்பது இதுவே. எழுத்துச் சர நெடுவரிசையில் இருக்கும் எண்களைச் சரியாக அடுக்க, பட்டியலின் வரிசையைக் குறிக்கும் ஆர்டர் பை பகுதியில் நெடுவரிசைப் பெயருடன் பூஜ்யத்தைக் கூட்டி எழுதுவது இங்கே பரவலாக வழங்கும் உபாயம். கூட்டல் என்றவுடன் மைஎஸ்கியூஎல் அந்தச் சரத்தை எண்ணாக மாற்றிக்கொள்வதால் பட்டியலும் நேராகிவிடும். ஆனால் தேடலையும் அடுக்கலையும் விரைவாக்கும் இன்டெக்ஸ் அந்த நெடுவரிசையில் இருந்தாலும் இந்த முறையில் அது பயன்படாது. ஒவ்வொரு முறை பட்டியல் கேட்கும்போதும் எல்லாப் பதிவுகளையும் எடுத்து, மாற்றி, புதிதாக அடுக்க வேண்டியிருக்கும். சில நூறு பொருள்கள் உள்ள கடையில் இது தெரியாது, பல ஆண்டு பில் விவரங்களை அடுக்கும்போது தெரியும். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. "12 எம்.எம்." என்று யாராவது பதிந்திருந்தால் மைஎஸ்கியூஎல் அதை 12 என்று எடுத்துக்கொள்கிறது, நல்லது, ஆனால் எக்செல்லிலிருந்து "1,25,000" என்று காற்புள்ளிகளோடு வந்து விழுந்த தொகையை முதல் காற்புள்ளி வரை மட்டும் படித்து 1 என்று எடுத்துக்கொள்கிறது. கேட்பவருக்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பு உருவாகும், ஆனால் பில் மென்பொருள்களில் பெரும்பாலானவை அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. ஒன்றேகால் லட்சம் பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒரு ரூபாய் பாக்கிக்காரராகப் பட்டியலின் அடியில் போய் நிற்பார்.

மைஎஸ்கியூஎல்லின் தசம வகையில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. டெசிமல் என்று மட்டும் எழுதி, மொத்த இலக்கங்கள் எத்தனை, புள்ளிக்குப் பின் எத்தனை என்று குறிப்பிடாமல் விட்டால், அது பத்து இலக்கமும் புள்ளிக்குப் பின் ஒன்றுமில்லாததுமான வகையாக அமைந்துவிடுகிறது. கம்பியின் எடைக்கு நம் கடைகளில் வழங்கும் கணக்கு, விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுப்பது. அதன்படி 8 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 10 எம்.எம். 0.617 கிலோ, 12 எம்.எம். 0.889 கிலோ. இவற்றை அப்படிப்பட்ட நெடுவரிசையில் இட்டால் முதலாவது 0 ஆகவும் மற்ற இரண்டும் 1 ஆகவும் பதிவாகும். பொருந்தாத மதிப்புகளை மறுக்கும் ஸ்டிரிக்ட் மோடு இயங்கும்போதுகூட இந்த முழுமையாக்கலுக்கு எரர் வராது. எடைவாரியாக அடுக்கினால் பத்தும் பன்னிரண்டும் சமமாகி, எது முன்னால் வரும் என்பதே உறுதியில்லாமல் போகும். போஸ்ட்கிரெஸ்ஸில் அதே சொல்லை அளவு குறிப்பிடாமல் எழுதினால் கொடுத்த இலக்கங்கள் அனைத்தும் அப்படியே காக்கப்படும். ஒரே சொல், இரண்டு இடங்களில் இரண்டு பொருள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

முழு எண் வகையான இன்டீஜர் என்பதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 11 என்று எழுதும் பழக்கத்தையும் பழைய மைஎஸ்கியூஎல் அட்டவணைகளில் எங்கும் காணலாம். அந்த எண் சேமிப்பின் அளவை மாற்றுவதில்லை, திரையில் காட்டும் அகலத்தை மட்டுமே குறிக்கிறது, 8.0.17 பதிப்பிலிருந்து இதைக் கைவிடும்படி அறிவுறுத்துகிறார்கள். குறியற்றது என்று தனியாக அறிவிக்காத நான்கு பைட் இன்டீஜரின் உச்சம் எப்போதும் 2,14,74,83,647 தான். இது தெரியாமல் வாடிக்கையாளரின் பத்து இலக்கக் கைபேசி எண்ணை இன்டீஜரில் வைத்து, ஸ்டிரிக்ட் மோடையும் அணைத்து வைத்திருந்தால், 9-இல் தொடங்கும் எண்கள் எல்லாமே 2147483647 என்ற ஒரே எண்ணாகப் பதிவாகிவிடும். 5.7 பதிப்பு முதல் ஸ்டிரிக்ட் மோடு இயல்பாகவே இயங்கும்படி செய்தது பாராட்டத்தக்க மாற்றம். இருந்தாலும் பழைய மென்பொருள் எரர் காட்டாமல் ஓடவேண்டும் என்பதற்காக அதை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அடுத்தது எஸ்கியூலைட். ஒரே கோப்பு, சர்வர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், இரவில் கடை சாத்தும்போது அந்தக் கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டால் போதும். ஒரே கணினி வைத்திருக்கும் கடைக்கு இதைவிட வசதியானது எதுவும் இல்லை என்று மனமாரச் சொல்வேன். ஆனால் தரவு வகை விஷயத்தில் இது மற்ற இரண்டிலிருந்தும் அடிப்படையிலேயே மாறுபட்டது. நெடுவரிசைக்கு நாம் அறிவிக்கும் வகையை இது கட்டளையாகக் கொள்ளாமல் விருப்பமாகவே கொள்கிறது. இன்டீஜர் என்று அறிவித்த நெடுவரிசையில் "8" என்ற சரம் வந்தால் அதை எண்ணாக மாற்றி வைத்துக்கொள்ளும், "12 எம்.எம்." என்று வந்தால் மாற்ற முடியாது என்று கண்டு, மறுக்காமல் அப்படியே எழுத்தாக வைத்துக்கொள்ளும். அடுக்கும்போது வெற்று மதிப்புகள் முதலில், எண்கள் அடுத்து, எழுத்துகள் அதற்கும் அடுத்து என்பது இதன் விதி. ஆகவே அந்த ஒரு பன்னிரண்டு மட்டும் 32-க்குக் கீழே தனியாகப் போய் உட்காரும். பட்டியலின் மற்ற பகுதி முழுவதும் சரியாக இருப்பதால் இந்தப் பிழை கண்ணில் படவே நாளாகும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. அறிவிக்கும் வகைப் பெயரில் எந்த ஆங்கில எழுத்துகள் வருகின்றன என்பதை வைத்தே எஸ்கியூலைட் அந்த நெடுவரிசையின் இயல்பைத் தீர்மானிக்கிறது. டெக்ஸ்ட், கேர் போன்ற எழுத்துத் தொடர்கள் பெயரில் இருந்தால் எழுத்து இயல்பு வரும். ஆனால் வேறு நிரல் மொழிகளின் பழக்கத்தில் ஸ்ட்ரிங் என்று அறிவித்தால், அந்தப் பெயர் அதன் பட்டியலில் இல்லாததால் நெடுவரிசைக்கு எண் இயல்பு வந்துவிடுகிறது. காசிமேட்டில் மீன் அனுப்புவோரின் கணக்கில் இது உடனே அடிபடும். வரிக்காகச் சரக்குகளை வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீடு குளிர்பதன மீனுக்கு 0302, இறால் முதலியவற்றுக்கு 0306, கணவாய் முதலியவற்றுக்கு 0307. ஸ்ட்ரிங் என்று அறிவித்த நெடுவரிசையில் இவற்றை இட்டால் முன்பூஜ்யம் உதிர்ந்து 302, 306, 307 என்று சேமிக்கப்படும். எண் போலத் தோற்றமளிக்கும் குறியீட்டை எண்ணாகச் சேமித்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எண்ணை எழுத்தாக வைத்த மண்ணடிக் கடையின் சிக்கலும், எழுத்தை எண்ணாக வைத்த காசிமேட்டுக் கணக்கின் சிக்கலும் ஒரே கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தவை: இந்த மதிப்பைக் கூட்டுவோமா, கழிப்போமா, பெரிது சிறிது பார்ப்போமா? பார்ப்போம் என்றால் எண் வகை. இல்லையென்றால் எழுத்து வகை. கைபேசி எண்ணையும் பின்கோடையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

2021 நவம்பரில் வெளிவந்த 3.37.0 பதிப்பில் எஸ்கியூலைட் ஸ்டிரிக்ட் என்னும் அட்டவணை முறையைக் கொண்டுவந்தது. அட்டவணை வரையறையின் இறுதியில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் இன்டீஜர் நெடுவரிசையில் எழுத்து நுழைய முடியாது. ஸ்ட்ரிங் போன்ற அறியாத வகைப் பெயரை எழுதினால் அட்டவணையே உருவாகாது. மேலே சொன்ன இரண்டு குறைகளும் இதனால் தீர்ந்துவிடுகின்றன. ஸ்டிரிக்ட் அட்டவணையில் டெசிமல் வகைக்கு இடமில்லை என்பதால், பணத்தைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாக வைத்துக்கொள்வது நல்லது. 1,250 ரூபாய் 50 பைசா என்பது 125050. கூட்டுவதிலும் அடுக்குவதிலும் எந்தப் பிசகும் வராது, அச்சிடும்போது மட்டும் நூறால் வகுத்துக்கொள்ளலாம்.

பணத்தை ஃப்ளோட் அல்லது ரியல் வகையில் வைக்கவே கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அவ்வகைகள் எண்களை இரும அடிப்படையில் தோராயமாகச் சேமிப்பவை, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் எட்டு பைட் வகையில்கூட 0.30000000000000004 என்றே கிடைக்கும். அடுக்குவதிலும் இதன் பாதிப்பு உண்டு. நான்கு பைட் ஃப்ளோட்டில் 1,67,77,216 வரையுள்ள முழு எண்கள்தான் ஒன்று விடாமல் துல்லியமாக நிற்கும். அதற்கு அடுத்த எண்ணான 1,67,77,217-ஐ இட்டால் அதுவும் 1,67,77,216 ஆகவே பதிவாகும். வெவ்வேறான இரண்டு தொகைகள் சமமாகிவிட்ட பிறகு எந்த ஆர்டர் பையும் அவற்றைப் பிரிக்க முடியாது. ஒன்றரைக் கோடிக்கு மேல் ஆண்டு வரவு பார்க்கும் இரும்புக் கடைகள் மண்ணடியில் அரிதல்ல.

இனிப் போஸ்ட்கிரெஸ். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய ஆய்வுப் பணியிலிருந்து வளர்ந்து, 1996-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்றைய முழுப் பெயரைப் பெற்றது. இதன் எண் வகைகள் எளிமையானவை: இரண்டு பைட் ஸ்மால்இன்ட், நான்கு பைட் இன்டீஜர், எட்டு பைட் பிக்இன்ட், துல்லியமான தசமத்துக்கு நியூமெரிக். குறியற்ற முழு எண் வகை இதில் இல்லாததைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. இருப்பு எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு செக் நிபந்தனை எழுதிவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடுவதால் எனக்கு அது பொருட்டில்லை. கம்பியின் அளவுக்கு ஸ்மால்இன்ட் போதும் என்றாலும் நான் இன்டீஜரையே இடுகிறேன். கடை அளவில் மிச்சமாகும் இரண்டு பைட்டுக்காக மூளையைச் செலவிட வேண்டியதில்லை.

இதன் கண்டிப்பைப் பற்றி முன்பே குறிப்பிட்டேன். இன்டீஜர் நெடுவரிசையில் "12 எம்.எம்." என்று எழுத முயன்றால் அந்தப் பதிவே நடக்காது. "1,25,000" என்ற காற்புள்ளித் தொகையையும் ஏற்காது. எழுத்து நெடுவரிசையை 9 என்ற எண்ணோடு ஒப்பிடச் சொன்னால்கூட, அப்படி ஒப்பிட வழியில்லை என்று எரர் தந்து நிறுத்திவிடும். மைஎஸ்கியூஎல்லில் அதே ஒப்பீடு எண் முறையில் நடந்துவிடும், ஆனால் அதே நெடுவரிசையை அடுக்கச் சொன்னால் எழுத்து முறையில் அடுக்கும். வடிகட்டுவது ஒரு விதி, அடுக்குவது வேறு விதி என்றாகி, பிழையைக் கண்டுபிடிப்பதே கடினமாகிறது. பில் கவுன்டரில் இருக்கும் பெண் ஒரு நாளைக்கு ஒருமுறை எரர் பெட்டியைப் பார்த்து முகம் சுளிப்பதை, ஆண்டு இறுதியில் ஆடிட்டர் முன் உட்கார்ந்து ஐயாயிரம் பதிவுகளைத் துருவுவதைவிட மேலானதாகக் கருதுகிறேன்.

இன்டீஜருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. எழுத்துகளை அடுக்கும் விதியைப் போஸ்ட்கிரெஸ் பல நேரங்களில் இயங்குதளத்திடமிருந்தே பெறுகிறது. 2018-இல் லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் 2.28 பதிப்புக்கு மாறியபோது அந்த விதிகள் மாறி, எழுத்து நெடுவரிசைகளின் மீதிருந்த இன்டெக்ஸ்களை மீண்டும் கட்ட வேண்டிய நிலை வந்தது. முழு எண்களின் வரிசைக்கு எந்த மொழி விதியும் தேவையில்லாததால் அவற்றின் இன்டெக்ஸ்கள் இதில் பாதிக்கப்படவில்லை.

எண்ணும் எழுத்தும் கலந்த சரக்கு எண்களை இயல்பான வரிசையில் அடுக்க, போஸ்ட்கிரெஸ்ஸின் 10-ஆம் பதிப்பு முதல் ஐசியு என்னும் மொழி விதி நூலகத்தின் துணையோடு எண்ணறி கொலேஷன் ஒன்றை, அதாவது எண்களை எண்களாகவே பார்த்து அடுக்கும் விதியை, உருவாக்கிக்கொள்ளலாம், மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியிலும் 10.7 பதிப்பு முதல் இதற்கெனத் தனிச் சார்பு உண்டு. இது உண்மையிலேயே பயனுள்ள வசதி. ஆனால் தகுந்த நெடுவரிசையை அமைப்பதற்கு மாற்றாக இதைக் கொள்ளக்கூடாது. பேரிங் விற்கும் கடையை எடுத்துக்கொள்வோம். 6204 என்ற பேரிங்கின் உள்விட்டம் 20 எம்.எம்., 6205-க்கு 25 எம்.எம்.; கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கும் என்பது அந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆனால் 6203-க்கு 17, 6202-க்கு 15 என்று நான்குக்குக் கீழே அந்தக் கணக்கு மாறுகிறது. 6005-உம் 25 எம்.எம். தான். பேரிங் எண்ணை எப்படி அடுக்கினாலும் உள்விட்ட வரிசை கிடைக்காது. பேரிங் எண்ணை எழுத்தாகவும், உள்விட்டத்தைத் தனி எண் நெடுவரிசையாகவும் வைப்பது ஒன்றே வழி.

பைப் ஃபிட்டிங்குகளுக்கும் இதே தீர்வுதான். அரை, முக்கால், ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை அங்குலம் என்பவை 1/2, 3/4, 1, 1 1/4, 1 1/2 என்று எழுதப்படும். எழுத்தாக அடுக்கினால் 1, 1 1/2, 1 1/4, 1/2, 3/4 என்று வரும். கடைக்காரர் படிக்கும் பெயரை எழுத்து நெடுவரிசையிலும், அடுக்குவதற்கான மில்லிமீட்டர் அளவை, அரை அங்குலத்துக்கு 12.70, முக்காலுக்கு 19.05 என்று, நியூமெரிக் நெடுவரிசையிலும் வைக்கிறேன். கட்டுக்கம்பியின் கேஜ் எண் இதற்கு நேர்மாறான சிக்கலைத் தரும். 8 கேஜ் கம்பி 4.064 எம்.எம். தடிமன், 16 கேஜ் 1.626 எம்.எம்.; எண் ஏற ஏறக் கம்பி மெலியும், 1-ஐயும் தாண்டித் தடித்த கம்பிகளுக்கு 2/0, 4/0 என்று எழுதுவார்கள். அங்கும் தடிமனே அடுக்கும் நெடுவரிசையாக இருக்க வேண்டும்.

எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்ற சட்டை அளவுகளை அடுக்கப் போஸ்ட்கிரெஸ்ஸின் ஈனம் (enum) வகை, அதாவது ஏற்கும் மதிப்புகளை நாமே பட்டியலிட்டு அறிவிக்கும் வகை, மிகப் பொருத்தமாக இருக்கிறது. நாம் அறிவித்த வரிசையே அதன் வரிசை. பிறகு ஒரு புதிய அளவை இடையில் நுழைக்கவும் வழி உண்டு. மைஎஸ்கியூஎல்லிலும் ஈனம் இப்படித்தான் அடுக்கும். ஆனால் பேன்ட் இடுப்பளவான 28, 30, 32 போன்றவற்றை அதில் ஈனமாக வைக்கக்கூடாது. மேற்கோள் குறி இல்லாமல் 2 என்று எழுதினால் அதை இரண்டாவது அளவு என்று பொருள்கொண்டுவிடும்.

பில் எண் எல்லாக் கடைக்கும் பொதுவான விஷயம். ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில்லின் தொடர் எண் பதினாறு எழுத்துகளுக்கு மிகாமல், அந்த நிதியாண்டுக்குள் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாமல் இருக்க வேண்டும். எழுத்து, இலக்கம், இணைப்புக்கோடு, சாய்கோடு ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். பல கடைகளில் "எம்என்/24-25/9" என்பதுபோல் ஒரே சரமாக வைத்திருப்பதால், பத்தாவது பில் ஒன்பதாவதற்கு முன்னால் வருகிறது. அதைவிட மோசமாக, கடைசி பில் எண்ணை எழுத்து முறையில் தேடும் மென்பொருள் 9-தான் பெரியது என்று கண்டு, மீண்டும் 10 என்ற எண்ணைக் கொடுக்க முயல்கிறது. கிளைக் குறியீடு எழுத்தாக, நிதியாண்டு தனியாக, தொடர் எண் இன்டீஜராக மூன்று நெடுவரிசைகளில் வைத்து, மூன்றும் சேர்ந்து இன்னொரு முறை வராதபடி யுனிக் நிபந்தனை இட்டு, அச்சுக்கு வேண்டிய முழுச் சரத்தை அவற்றிலிருந்து உருவாக்கிக்கொள்வதே முறை. போஸ்ட்கிரெஸ் 12 முதல் அந்தச் சரத்தைத் தானே கணக்கிடும் நெடுவரிசையாக அட்டவணையிலேயே வைக்கலாம்.

போஸ்ட்கிரெஸ்ஸிடம் எனக்குள்ள மனக்குறைகளையும் சொல்ல வேண்டும். வெற்று மதிப்பை இது எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கருதுகிறது. மற்ற இரண்டும் சிறிதாகக் கருதுகின்றன. ஆகவே விலை அதிகமானது முதலில் என்று பட்டியல் கேட்டால், விலையே பதியாத சரக்குகள் தலைப்பில் வந்து நிற்கும். வெற்று மதிப்புகள் கடைசியில் வரட்டும் என்று ஆர்டர் பையிலேயே எழுத வசதி உண்டு என்றாலும், மைஎஸ்கியூஎல்லிலிருந்து வருபவர்கள் முதல் வாரத்திலேயே இதில் தடுக்கி விழுவார்கள். நியூமெரிக் வகை, எண்ணே அல்ல என்று பொருள்படும் ‘நான்’ (NaN) என்ற சிறப்பு மதிப்பை ஏற்கிறது என்பது இரண்டாவது குறை. எக்செல் கோப்பைப் பைத்தான் வழியாக ஏற்றும்போது காலியான விலைக் கட்டங்கள் இந்த மதிப்பாக வந்து சேர்வதுண்டு. அடுக்கும்போது இது எல்லா எண்களையும்விடப் பெரியது என்பதால், விலை பூஜ்யத்துக்குக் குறையக்கூடாது என்ற செக் நிபந்தனையையும் தாண்டி உள்ளே வந்துவிடும். விலைக்கு மேல் வரம்பையும் சேர்த்து எழுதினால்தான் தடுக்க முடியும். ‘மணி’ (money) என்ற பெயரில் ஒரு தனி வகை இருப்பதைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். அதன் தோற்றமும் தசம இலக்கமும் சர்வரின் வட்டார அமைப்பைப் பொறுத்து மாறுவதால், ரூபாய்க்கு நியூமெரிக்கில் பன்னிரண்டு இலக்கமும் அவற்றுள் இரண்டு தசமமும் வைத்துக்கொள்வதே உத்தமம்.

முன்பு சொன்ன இரும்புக் கடையின் அளவு நெடுவரிசையைப் போஸ்ட்கிரெஸ்ஸுக்குக் கொண்டுவந்து இன்டீஜராக மாற்றியபோது இதன் அருமை தெரிந்தது. மாற்றும் கட்டளையில் பழைய சரத்தை எப்படி எண்ணாக்க வேண்டும் என்பதை நாமே யூசிங் பகுதியில் எழுதித் தர வேண்டும்; ஒரே ஒரு பதிவு பொருந்தாவிட்டாலும் மொத்த மாற்றமும் நின்று, அட்டவணை பழைய நிலையிலேயே இருக்கும். இலக்கம் அல்லாத ஏதேனும் கலந்த பதிவுகளை முன்கூட்டியே தேடி எடுத்ததில், "12எம்எம்", முன்னும் பின்னும் இடைவெளி விட்ட 16, பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தைத் தட்டிய 10 என்று விதவிதமானவை கிடைத்தன. அந்த ஓ எழுத்துப் பத்து, எல்லாப் பத்துகளிலிருந்தும் விலகித் தனிச் சரக்காகக் கணக்கில் இருந்திருக்கிறது. 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பில், ஒரு சரம் குறிப்பிட்ட வகைக்குப் பொருந்துமா என்று மாற்றாமலேயே சோதிக்கும் சார்பைத் தந்திருக்கிறார்கள். இந்தத் துப்புரவு வேலை அதனால் இன்னும் எளிதாகியிருக்கிறது. மாற்றம் நடக்கும் நேரத்தில் அட்டவணை முழுவதும் பூட்டப்படும் என்பதால் கடை விடுமுறை நாளில் செய்வது நலம்.

மூன்றுமே விலையின்றிக் கிடைப்பவை. செலவு நிறுவுவதிலும் பராமரிப்பதிலும்தான். போஸ்ட்கிரெஸ்ஸுக்குச் சர்வராக ஒரு கணினியை ஒதுக்கி, தினசரி பேக்கப் எடுக்க ஒருவரைப் பழக்க வேண்டும். அது இயலாத, ஒரே கணினியில் பில் போடும் சிறு கடைகளுக்கு எஸ்கியூலைட்டையே நிறுவித் தருகிறேன், எல்லா அட்டவணைகளையும் ஸ்டிரிக்ட் முறையில் அமைத்து. அப்படி அமைத்த கோப்பை 3.37-க்கு முந்தைய பதிப்புள்ள மென்பொருளால் திறக்க முடியாது என்பதால், கடையில் ஏற்கெனவே ஓடும் பழைய நிரல்கள் எந்தப் பதிப்பைச் சுமந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டே அதைச் செய்ய வேண்டும்.